நடராசர் திருவுருவமும் நுண்துகள் இயற்பியலும்: ‘உள்பொருள் எது’ என்னும் வினாவை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்துள்ள ‘செர்ன்’ எனப்படும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையத்தின் வளாகத்தில் இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் ஒன்று நிறுவப்பட்டுள்ளது. இந்தியாவுக்கும் அம்மையத்துக்கும் 1960களிலிருந்து நிலவிவரும் ஆய்வுறவைப் போற்றும் வகையில் இந்திய அரசு வழங்கிய இவ்வுருவம் 18.6.2004 அன்று திறந்து வைக்கப்பெற்றது. அதனருகே உள்ள பலகையில் கலைத்திறனாய்வாளர் ஆனந்த குமாரசுவாமி, இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ரா ஆகிய இருவரின் கூற்றுகள் இடம்பெற்றுள்ளன.

இவ்வுருவம் நிறுவப்பட்ட பின்னர், தில்லைக் கூத்தனின் ஆடலும் அணுவினுள் நிகழும் துகள்களின் இயக்கமும் ஒன்றே என்னும் கருத்து தமிழ் மேடைகளிலும் சமய வகுப்புகளிலும் மிகுதியாகப் பேசப்படுகிறது. மேலை அறிவியலும் கீழை மெய்யுணர்வும் உள்பொருள் பற்றி ஒரே முடிவுக்கு வந்துவிட்டன என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகவும் காட்டப்படுகிறது. இக்கருத்து எங்கிருந்து வந்தது, எவ்வழியாக வந்தது, வரும் வழியில் எவற்றை இழந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் குறைவு. அவ்வினாக்களை எழுப்பி, காப்ராவின் ‘இயற்பியலின் தாவோ’ (1975) என்னும் நூலில் காணப்படும் ஒப்பீட்டை மெய்கண்ட சாத்திரங்களின் துணையோடு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அறிவியலையும் மெய்யுணர்வையும் ஒருசேர ஆராய்வது பயனுடைய முயற்சியே. ஆயின், எது உள்பொருள் என்பதில் இரண்டும் தத்தமக்கெனக் கூறுவனவற்றை மறைத்துச் செய்யப்படும் இணைப்பு இரண்டுக்குமே நீதி செய்வதாகாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஒப்புமை வந்த வழி

நடராசர் வடிவத்திற்குரிய மெய்ப்பொருள் விளக்கத்தைத் தமிழில் செறிவாகத் தரும் நூல்களுள் ‘உண்மை விளக்கம்’ குறிப்பிடத்தக்கது. மெய்கண்டாரின் மாணவரும் 13ஆம் நூற்றாண்டினருமான திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய இந்நூல், மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகும். காப்புச் செய்யுள் உட்பட 54 வெண்பாக்களால் அமைந்தது. மாணவன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் செல்வது. முப்பத்தாறு தத்துவங்கள் எவை, ஆணவம் எது, வினை எது, நான் யார், நீ யார், இறைவன் ஆடும் கூத்து எத்தகையது, ஐந்தெழுத்தின் பொருள் யாது, வீட்டு நிலை எப்படிப்பட்டது என்பன மாணவன் எழுப்பும் வினாக்கள். ‘உண்மை’ என்னும் சொல்லுக்கு ‘உள்ளதாந்தன்மை’ என்பதே அடிப்படைப் பொருள். ஆகவே, உள்பொருள் எது என்னும் வினாவுக்கு விடை கூறுவது இந்நூல் என்பதை அதன் பெயரே அறிவித்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தும் பணியை மேற்கொண்டார். அவருடைய சிவஞானபோத மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவந்தது. 1897இல் ‘சித்தாந்த தீபிகை’ என்னும் ஆங்கில இதழ் தொடங்கப்பெற்றது. ஆனந்த குமாரசுவாமியின் ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரை 1912இல் இவ்விதழில்தான் வெளியாயிற்று. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ் நூல்களை மேற்கோளாகக் கொண்டு எழுதப்பட்ட அக்கட்டுரை, 1918இல் நியூயார்க்கில் அதே தலைப்பில் வெளிவந்த நூலில் சேர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. குமாரசுவாமி கலைத்திறனாய்வாளராக அறியப்படுவதற்கு முன்னர் நிலவியலாளர். இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். தோரியனைட் என்னும் கனிமத்தை 1904இல் இனங்கண்டவர். அறிவியற்பயிற்சி பெற்ற அவர் சிவ நடனக் கருத்தைக் கவிதை என்றும் அதே வேளையில் அறிவியல் என்றும் போற்றினார். பின்னாளைய ஒப்பீட்டிற்கான வித்து அங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

வியன்னாவில் பிறந்து துகள் இயற்பியலில் பயிற்சி பெற்ற காப்ரா, 1972இல் எழுதிய ஒரு கட்டுரையிலும் 1975இல் வெளியிட்ட நூலிலும் குமாரசுவாமியின் விளக்கத்தை எடுத்தாண்டார். தமிழ் வெண்பாவிலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்புக்கும், அதிலிருந்து கலைத்திறனாய்வுக்கும், அதிலிருந்து இயற்பியல் நூலுக்கும், இறுதியில் ஜெனீவாப் பலகைக்கும் இக்கருத்து பயணம் செய்துள்ளது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுப் பயணம் இது. எனினும் இன்று தமிழில் இதனைப் பேசுவோர் பெரும்பாலும் காப்ராவையே மேற்கோள் காட்டுகின்றனர். மூலமாகிய மனவாசகங்கடந்தாரைக் காட்டுவோர் அரியர்.

காப்ராவின் வாதம்

ஒருவரை மறுக்குமுன் அவர் கூற்றை முழுமையாக எடுத்துரைத்தல் முறையாகும். காப்ராவின் வாதத்தைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். பழைய இயற்பியல் உலகைத் தனித்தனிப் பொருள்களின் தொகுதியாகக் கண்டது. சார்புக் கொள்கையும் குவாண்டம் கொள்கையும் அப்பார்வையைத் தகர்த்தன. துகள் என்பது நிலைத்த சிறு உருண்டை அன்று. இடையறாது நிகழும் ஆற்றல் மாற்றங்களின் ஒரு கோலம். துகளும் எதிர்த்துகளும் ஆற்றலிலிருந்து இணையாகத் தோன்றுகின்றன. மீண்டும் ஒன்றையொன்று அழித்து ஆற்றலாக ஒடுங்குகின்றன. தோற்றமும் ஒடுக்கமும் ஓயாது நிகழும் இவ்வியக்கத்தையே கீழை ஞானியர் உள்ளுணர்வாற் கண்டு ஆடலாக வடித்தனர். குமிழறையில் பதிவாகும் துகள் தடங்களின் ஒளிப்படங்கள் அவ்வாடலின் இக்கால ஓவியங்களாகும். இந்து சமயம், பௌத்தம், சீன மரபு, தாவோ நெறி, சென் நெறி ஆகிய யாவும் தம்முள் வேறுபட்டாலும், அனைத்தும் ஒன்றே என்னும் அடிப்படை உணர்வில் ஒன்றுபடுகின்றன. புதிய இயற்பியலும் அவ்வுணர்வை நோக்கியே செல்கிறது.

இவ்வாதத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. கீழை மெய்யியலை மூடநம்பிக்கை என ஒதுக்கிய ஒரு சூழலில், அறிவியலாளர் ஒருவர் அதனை மதிப்புடன் அணுகினார். அறிவியலுக்கு மெய்யுணர்வோ மெய்யுணர்வுக்கு அறிவியலோ தேவையில்லை, மனிதனுக்கே இரண்டும் தேவை என அவர் நூலின் முடிவில் அடக்கத்துடன் கூறுவதும் பாராட்டுக்குரியது. ஆயினும் நூலின் உடற்பகுதியில் உள்ள ஒப்பீடுகள் அவ்வடக்கத்தைக் கடந்து செல்கின்றன.

வழியில் விடுபட்டவை

உண்மை விளக்கம் கூறும் ஆடல், ஐந்தொழில்களையும் குறிப்பது. துடி ஏந்திய கையிலிருந்து படைத்தலும், அமைத்த கையிலிருந்து காத்தலும், தீ ஏந்திய கையிலிருந்து அழித்தலும், ஊன்றிய திருவடியிலிருந்து மறைத்தலும், தூக்கிய திருவடியிலிருந்து அருளலும் நிகழ்கின்றன. அந்நூல் இத்துடன் நின்றுவிடவில்லை. அவ்வைந்து செயல்களும் யார்பொருட்டு நிகழ்கின்றன என்பதையும் விளக்குகிறது. மாயையை உதறுதல், வினையைச் சுடுதல், மலத்தின் வலியை அடக்குதல், உயிரை அருளால் எடுத்தல், இன்பக் கடலில் அழுத்துதல் என அதே ஆடல் மீண்டும் ஒருமுறை உயிரின் நோக்கிலிருந்து விளக்கப்படுகிறது. பிறப்பைத் தரும் ஊன நடனம், வீட்டைத் தரும் ஞான நடனம் என இரண்டாகவும் ஆடல் பகுக்கப்படுகிறது. ஆக, ஆடலின் பயன் உயிரின் விடுதலையாகும். அவ்வுயிர் இல்லையெனில் ஆடலுக்கே காரணம் இல்லை.

குமாரசுவாமி இதனை உணர்ந்திருந்தார். ஆடலுக்கு அவர் கூறும் மூன்று பொருள்களுள் ஒன்று, எண்ணிறந்த உயிர்களைக் கட்டினின்று விடுவித்தல் என்பதாகும். காப்ராவும் தூக்கிய திருவடி விடுதலையைக் குறிப்பது என்றும், காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமையின் உருவம் என்றும் தம் நூலில் குறிப்பிடத்தான் செய்கிறார். ஆனால் இயற்பியலோடு ஒப்பிடும் இடத்திற்கு வந்ததும் துடியும் தீயும் மட்டுமே எஞ்சுகின்றன. படைத்தலுக்கும் அழித்தலுக்கும் துகள்களில் ஒப்புமை கிடைக்கிறது. மறைத்தலுக்கும் அருளலுக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காதவை அமைதியாக விடப்படுகின்றன. ஐந்தனுள் சைவம் தனக்கே உரியனவாகக் கருதும் இரண்டும் விடுபட்டபின் எஞ்சுவது சைவரின் நடராசர்தானா என்பது எழுப்பப்படவேண்டிய வினா.

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் நன்கறிந்த ஒரு கருவி துணைபுரியும். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமம் தோன்றும் வகைகள் எனத் தொல்காப்பிய உவமவியல் வகுத்துள்ளது. துகள்களின் இயக்கத்திற்கு இறைவனின் ஆடலை உவமையாக்கினால் வினைபற்றிய ஒப்புமை உண்டு. இரண்டும் ஓயாத இயக்கம். சுழன்று செல்லும் துகள் தடத்திற்கும் திருவாசியின் வளைவுக்கும் வடிவு பற்றிய ஒப்புமையும் ஓரளவு காணலாம். பயன்பற்றிய ஒப்புமை மட்டும் அறவே இல்லை. எலக்ட்ரானும் பாசிட்ரானும் தோன்றி ஒடுங்குவது எவர்பொருட்டும் அன்று. இயற்பியல் அவ்வாறு கூறுவதும் இல்லை. ஆதலின் காப்ராவின் ஒப்புமையை வினையுவமம் என ஏற்கலாம். உவமையைச் சான்றாகக் கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது.

சொல் ஒன்று, பொருள் வேறு

ஒப்பீட்டில் நேரும் குழப்பங்களுக்குச் சொற்கள் பெருங்காரணமாகின்றன. சத்தி, மாயை, அணு என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம்.

இயற்பியலில் ஆற்றல் என்பது அளவிடத்தக்க ஒரு கணியம். காமா ஒளித்துகள் ஒன்று அணுக்கருவின் அருகே எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாற வேண்டுமெனில் அதன் ஆற்றல் 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அவ்விரு துகள்களின் நிறைக்கு ஈடான ஆற்றல் அதுவாகும். ஆற்றல் அழியாமை விதியோ, இயற்கை விதிகள் காலத்தால் மாறாதிருத்தல் என்னும் சமச்சீரிலிருந்து பெறப்படுவது என எம்மி நோதர் 1918இல் கணித முறையில் நிறுவினார். சித்தாந்தம் கூறும் சத்தியோ இறைவனின் அறிவும் அருளுமாகிய குணம், சித்துப் பொருள். அளவிடத்தக்கதும் அறிவற்றதும் உருமாறுவதுமாகிய ஒன்றைச் சித்தாந்தி சடம் என்றே கொள்வான். மாயையின் காரியங்களுள் அதற்கு இடம் தருவான். இயற்பியலின் ஆற்றலை இறைவனின் சத்தி என்பது, சித்தாந்த நோக்கில் சடத்தைச் சித்து எனக் கூறும் பெரும்பிழையாகும்.

மாயை என்பதைக் காப்ரா நம் பார்வையில் உள்ள மயக்கம் என விளக்குகிறார்; நாம் வகுத்துக்கொண்ட வடிவங்களையே இயற்கையின் உண்மை எனக் கொள்வதுதான் மாயை என்பது அவர் விளக்கத்தின் சாரம். சைவ சித்தாந்தத்தில் மாயை உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள். மண்ணிலிருந்து குடம் தோன்றுவதுபோல் அதிலிருந்து உலகம் தோன்றுகிறது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் இதற்கு அடிப்படை. இதனைக் கண்டு, ஆற்றல் அழியாமை விதியைச் சைவர் அன்றே கூறிவிட்டனர் என மகிழ்வோரும் உளர். முடிவுகள் ஒத்திருப்பினும் அவற்றை அடைந்த வழிகள் வேறு என்பதை அவர்கள் கருதுவதில்லை. ஒன்று காரண காரியத் தொடர்புபற்றிய தருக்கம். மற்றொன்று ஒரு கணியத்தின் அளவுபற்றிய விதி. விடை ஒத்திருந்தாலும் வழிமுறை வேறாயின் இரண்டு கணக்கும் ஒன்றாகா.

அணு என்னும் சொல்லின் வரலாறு மேலும் கவனத்திற்குரியது. இருபதாம் நூற்றாண்டில் அறிவியற் கலைச்சொற்கள் தமிழில் ஆக்கப்பட்டபோது அணு, ஆற்றல், வெளி முதலிய பழஞ்சொற்கள் புதுப்பொருளில் ஆளப்பட்டன. அடுத்த தலைமுறையினர் பழநூலைப் படிக்கும்போது அதே சொல்லைக் கண்டு புதுப்பொருளை அதனுள் ஏற்றினர். சைவ ஆகம மரபில் அணு என்பது உயிரைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று. இயல்பில் வியாபகமான உயிரை அணுத்தன்மைப்படுத்துவதால்தான் மலத்திற்கு ஆணவம் எனப் பெயர் வந்தது. சடப்பொருளின் நுண்கூறு எனப் பொருள்கொள்ளும் வழக்கு வைசேடிகர், சமணர் முதலியோரிடம் இருந்தது. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை’யில் ஆசீவகரின் அணுக்கொள்கை விரிவாகப் பேசப்படுகிறது. அங்கும் நிலம், நீர், தீ, காற்று என்பவற்றோடு உயிரும் அணுவாக எண்ணப்படுகிறது. இவை தருக்கத்தால் எழுந்த கொள்கைகள். அணு உண்டு என்பதை இக்கால அறிவியல் ஏற்றது 1905இல் ஐன்ஸ்டைன் வகுத்த கணக்கீட்டையும், அதனைத் தொடர்ந்து ஜான் பெரின் செய்த அளவீடுகளையும் கொண்டாகும். சொல் ஒன்றாயிருப்பது வரலாற்று நிகழ்வு. அது கருத்தொற்றுமைக்குச் சான்றாகாது.

‘கிழக்கு’ என்பது ஒன்றா?

கீழை மெய்யுணர்வு அனைத்தும் ‘யாவும் ஒன்றே’ எனக் கூறுகிறது என்பது இத்தகைய நூல்களின் பொது எடுகோள். இது மெய்கண்டார் மரபுக்குப் பொருந்தாது. இறை, உயிர், தளை என்னும் மூன்றும் தொடக்கமற்ற உள்பொருள்கள் என்பது அதன் அடிப்படை. அத்துவிதம் என்னும் சொல்லையே மெய்கண்டார் மரபு, இரு பொருள்கள் பிரிப்பின்றி நிற்கும் தொடர்பு எனப் பொருள்கொண்டது. ஒருபொருள் மட்டுமே உண்டு எனக் கொள்ளவில்லை. வீட்டு நிலையிலும் மூன்றும் உள்ளன என உண்மை விளக்கம் தெளிவாகக் கூறுகிறது. இன்பத்தை நுகர்வதற்கு உயிர் உண்டு. அதனைத் தருவதற்கு இறை உண்டு. வலியடங்கிய நிலையில் மலமும் உண்டு. ஒருமைக்கொள்கைக்கு அடையாளமாக நிறுத்தப்படும் உருவம், முப்பொருள் உண்மையை விளக்குவதற்கென எழுந்த நூலிலிருந்து பெறப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இயற்பியலாளருள்ளும் வேதாந்தத்தை உண்மையாகவே விரும்பியவர் எர்வின் ஷ்ரோடிங்கர். ஷோப்பன்ஹவரின் வழியாக உபநிடதக் கருத்துகளில் ஈடுபட்ட அவர், தம் வேதாந்தச் சார்பை 1925இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார். அலைச் சமன்பாட்டை அவர் வெளியிட்டது 1926இல். அக்கட்டுரையையும் உள்ளடக்கிய ‘என் உலகநோக்கு’ என்னும் நூல் 1961இல் வெளிவந்தபோது, அலை இயக்கவியல், நிச்சயமின்மை முதலியவற்றைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்பதை முன்னுரையிலேயே அறிவித்தார். மெய்யியல் உலகநோக்கோடு அவற்றுக்கு மற்றவர் கருதும் அளவுக்குத் தொடர்பில்லை என்பது அவர் நிலைப்பாடு. குவாண்டம் கொள்கையை உருவாக்கியவருள் ஒருவரும் வேதாந்தப் பற்றாளருமாகிய அவரே ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்க மறுத்தார். ஷ்ரோடிங்கரைத் தம் தரப்புச் சான்றாளராக அழைப்போர் இதனைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

தாகூரும் ஐன்ஸ்டைனும் 14.7.1930 அன்று ஜெர்மனியின் காப்புத் என்னும் ஊரில் நிகழ்த்திய உரையாடலும் இவ்வகையில் சிந்தனைக்குரியது. உண்மை மனித உணர்வோடு தொடர்புடையது என்றார் தாகூர். மனிதனைச் சாராது உண்மை உண்டு என்றார் ஐன்ஸ்டைன். காண்பான் இல்லாதபோதும் உலகம் உண்டு எனக் கொள்ளும் சித்தாந்தி இவ்வழக்கில் யாருக்கு அருகில் நிற்பான்? புற உலகின் உண்மை என்னும் அளவில் அவன் ஐன்ஸ்டைனுக்கே அருகில் நிற்பான். மேற்கு, கிழக்கு என்னும் பாகுபாடு இங்குப் பயன்படவில்லை. உள்பொருள் பற்றிய கருத்து வேறுபாடுகள் மேற்கினுள்ளும் கிழக்கினுள்ளும் உள்ளன.

மாறும் கொள்கையில் மாறாததைக் கட்டுதல்

காப்ரா எழுதிய காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜெஃப்ரி சியூ வளர்த்த ‘பூட்ஸ்ட்ராப்’ கொள்கை செல்வாக்குடன் விளங்கியது. அடிப்படைத் துகள் என எதுவும் இல்லை, ஒவ்வொரு துகளும் மற்றெல்லாத் துகள்களாலும் ஆனது என்பது அதன் சாரம். கீழை ஒருமை உணர்வுக்கு இஃது இயைந்திருந்ததால் காப்ரா இதனைத் தம் ஒப்பீட்டின் முடிமணியாக வைத்தார். ஆனால் 1974 நவம்பரில் ஜே/சை துகள் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து குவார்க் கொள்கை வலுப்பெற்றது. 1983இல் டபிள்யூ, இசட் துகள்களும் 2012இல் ஹிக்ஸ் துகளும் அதே செர்ன் மையத்தில் கண்டறியப்பட்டன. அடிப்படைத் துகள்கள் உண்டு எனக் கொள்ளும் தரமாதிரிக் கொள்கை நிலைபெற்றது. பூட்ஸ்ட்ராப் முறை பிற்காலத்தில் கணித உத்தியாக மீண்டும் பயன்பட்டபோதிலும், காப்ரா கருதிய வகையில் உலகை விளக்கும் கொள்கையாக அது நிலைக்கவில்லை. எனினும் 1983இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் பின்னுரையிலும் அவர் அதனைக் கைவிடவில்லை.

இயற்பியலாளர் ஜெரமி பெர்ன்ஸ்டைன் இந்நூலை மதிப்பிடுகையில், ஒரு சமய மெய்யியலைச் சமகால அறிவியலோடு பிணைப்பது அம்மெய்யியலைக் காலாவதியாக்கும் உறுதியான வழி என எச்சரித்தார். அறிவியற் கொள்கை திருத்தத்திற்கு உட்பட்டது. அதுவே அதன் வலிமை. சமய மெய்யியல் அவ்வகையில் திருத்தப்படுவதை ஏற்பதில்லை. பூட்ஸ்ட்ராப் கொள்கையால் நடராசர் மெய்ப்பிக்கப்பட்டார் என்றால், அக்கொள்கை தளர்ந்தபோது நடராசரும் தளர்ந்தாரா? எந்தச் சைவரும் ஆம் எனக் கூறார். அவ்வாறெனில் முதலிலும் அது மெய்ப்பிப்பாக இருந்திருக்கவில்லை.

குவாண்டம் அளவீடு பற்றிய பேச்சிலும் இதே நிலைதான். காண்பவனின் உணர்வே உலகைத் தோற்றுவிக்கிறது என்னும் கூற்றுக்கு யூஜின் விக்னர் 1961இல் எழுதிய கட்டுரை பெரிதும் துணையாகக் காட்டப்படுகிறது. அவரே பிற்காலத்தில் அக்கருத்தினின்று விலகினார். பிணையுற்ற ஒளித்துகள்கள் பற்றிய சோதனைகளுக்காக 2022ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஆஸ்பெக்ட், கிளாசர், சைலிங்கர் ஆகியோருக்கு வழங்கப்பெற்றது. அச்சோதனைகள் இயற்கையைப் பற்றிய நம் பழைய எடுகோள்கள் சிலவற்றை ஆட்டங்காணச் செய்தன என்பது உண்மை. மனித உணர்வு உலகைப் படைக்கிறது என்பதை அவை நிறுவவில்லை.

அளவையில் சந்திப்பு

அவ்வாறாயின் அறிவியலும் மெய்யுணர்வும் சந்திக்கும் இடமே இல்லையா? உண்டு. முடிவுகளில் தேடுவதைவிட, முடிவுக்கு வரும் முறையில் அதனைத் தேடுவது பயன் தரும். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கம் அளவை இலக்கணத்தோடு தொடங்குகிறது. எது உள்பொருள் எனக் கூறுவதற்குமுன், எதனால் அறிந்தாய் எனக் கேட்பது அதன் முறை. பலவாகக் கூறப்படும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அது அடக்குகிறது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி எனப்படும். காட்சியை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி எனவும் பகுக்கிறது.

இக்கால இயற்பியலும் காட்சியையும் கருதலையும் கொண்டே நடைபெறுகிறது. குவார்க்கைத் தனித்துக் கண்டவர் எவரும் இலர். எலக்ட்ரான் சிதறலிலிருந்து அது கருதியறியப்பட்டது. புகையால் தீயை அறியும் கருதலளவையே அங்கும் தொழிற்படுகிறது. 4.7.2012 அன்று ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வெளியானபோது அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆய்ந்து, தற்செயலால் நேர்ந்திருக்கக்கூடும் என்னும் ஐயத்தைக் கடும் புள்ளியியல் வரம்பு கொண்டு நீக்கிய பின்னரே முடிவை வெளியிட்டன. ஐயமும் திரிபும் அற்ற அறிவையே அறிவெனக் கொள்ளும் கட்டுப்பாடு இரு மரபுக்கும் பொது.

வேறுபாட்டையும் மறைத்தல் ஆகாது. இயற்பியலில் உரையளவைக்கு இறுதி அதிகாரம் இல்லை. யோகக் காட்சியை அது தன் சான்றாக ஏற்பதில்லை. சித்தாந்தமோ இவ்விரண்டையும் ஏற்கிறது. ஆனால் அவற்றைத் தனி அளவையாகவும் தனிவகைக் காட்சியாகவும் பெயரிட்டு, எல்லை வகுத்து ஏற்கிறது. யோகியின் அனுபவத்தைக் குமிழறை ஒளிப்படத்தோடு ஒன்றாக்கும் காப்ராவின் நூலில் அந்த எல்லை இல்லை. இவ்வகையில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்நூல் 20ஆம் நூற்றாண்டு நூலைவிடக் கண்டிப்பானது எனக் கூறுவது மிகையாகாது.

ஒப்பிடும் நெறிக்கும் சித்தியாரே வழிகாட்டுகிறது. அதன் பரபக்கம் உலோகாயதர் முதல் பாஞ்சராத்திரி வரை பதினான்கு கொள்கைகளை ஆராய்கிறது. ஒவ்வொன்றிலும் முதலில் பிறர் கொள்கை அவர்தம் நிலையில் நின்று கூறப்படுகிறது. பின்னரே மறுப்பு வருகிறது. காட்சியொன்றையே ஏற்கும் உலோகாயதருக்கும் தம் தரப்பை எடுத்துரைக்கப் போதிய இடம் தரப்படுகிறது. மாயாவாதமும் அவ்வரிசையில் தனிக்கொள்கையாகவே வைக்கப்பட்டுள்ளது. வேறுபாட்டை முழுமையாக அறிந்த பின்னரே ஒற்றுமையைப் பேசலாம் என்பது இந்நெறி.

முடிவுரை

நடராசர் திருவுருவம் ஜெனீவாவில் நிற்பது தமிழர் மகிழத்தக்கதே. அறிவியல் உலகம் ஒரு சமயக் கலைவடிவத்துக்கு அளித்த மதிப்பு அது. ஒரு மெய்யியலுக்கு அளித்த சான்றிதழன்று. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தும் கடமை ஆசிரியர்களுக்கு உண்டு. ஆடலும் அணுவும் ஒன்றே எனக் கற்பிக்கப்படும் மாணவன் இயற்பியலாளர் எவ்வாறு அளக்கிறார் என்பதையும் அறிவதில்லை. மனவாசகங்கடந்தார் எதனைக் கூறினார் என்பதையும் அறிவதில்லை. இரண்டையும் அறியாமலே இரண்டையும் வென்றுவிட்டதாக எண்ணுகிறான். தமிழ் மரபுக்குப் பெருமை சேர்ப்பதாகக் கருதிச் செய்யப்படும் இச்செயலால் மூலநூலைப் படிக்கவேண்டிய தேவையே அற்றுப்போகிறது. பேரிழப்பு இதுவே.

வகுப்பறையில் இதனைத் திருத்துவது எளிது. உண்மை விளக்கத்தின் ஆடற்பகுதியையும், குமாரசுவாமியின் கட்டுரையையும், காப்ராவின் நூலில் உரிய இயலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் செய்யலாம். ஒவ்வொன்றிலும் எவை உள்பொருள் எனக் கூறப்படுகின்றன, அவை எவ்வளவையால் அறியப்பட்டன, ஆடலின் பயன் எதுவெனக் கூறப்படுகிறது என்னும் மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்பலாம். விடைகளை வரிசைப்படுத்தியபின் ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் தாமே புலப்படும். தூக்கிய திருவடிக்கு நேராக இயற்பியல் நூலில் எழுதுவதற்கு ஏதுமின்றி ஒரு கட்டம் வெற்றிடமாக நிற்பதை மாணவர் காண்பர். அவ்வெற்றிடத்தை அவ்வாறே விட்டுவைத்தல் இரு துறைகளுக்கும் செய்யும் மரியாதையாகும்.